பதநீர்க் காலத்தில் உடன்குடிப் பக்கம் வந்து தங்குவது, குடியேறுவது: ஒரு விரிவான பதில்

கேள்வி இதுதான்: பூர்விகம் உடன்குடிப் பக்கம், வளர்ந்ததெல்லாம் சென்னை. வெளிநாடுகளில் திராட்சைத் தோட்ட ஊர்களுக்குப் போய்த் தங்கி, தோட்டத்திலேயே குடித்துப் பார்த்து வாங்கி வருகிறார்களே, அதுபோலப் பதநீர்க் காலத்தில் நம் ஊருக்கு வந்து ஒரு வாரம் தங்க முடியுமா? பிடித்துப்போனால் ஓய்வுக்குப் பிறகு அங்கேயே குடியேறலாமா?

முடியும். ஆனால் திராட்சை ஊருக்கும் பனை ஊருக்கும் அடிப்படையில் ஒரு வித்தியாசம் இருக்கிறது. திராட்சைச் சாற்றைப் புளிக்கவைத்துப் பாட்டிலில் அடைத்து வருஷக்கணக்கில் வைத்துவிடலாம், அதனால் அங்கே எந்த மாதம் போனாலும் குடிக்கக் கிடைக்கும். பதநீர் அப்படிக் காத்திருக்காது. காலையில் இறக்கியது மதியத்துக்குள் குணம் மாறிவிடும். அதனால் உங்கள் லீவு, டிக்கெட், தூக்கம் எல்லாவற்றையும் பனைக்கும் பனையேறிக்கும் ஏற்ப அமைத்துக்கொள்ள வேண்டும். அதைச் செய்தால் மட்டுமே இந்த ஊர் உங்களுக்குக் கிடைக்கும்.

எந்தப் பகுதி என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். திருச்செந்தூருக்குத் தெற்கே குலசேகரன்பட்டினம், உடன்குடி, மெஞ்ஞானபுரம், சாத்தான்குளம், திசையன்விளை வரை நீளும் செம்மணல் பூமி. 1986இல் தூத்துக்குடி மாவட்டம் பிரிந்ததால் இதில் பெரும்பகுதி இப்போது அந்த மாவட்டத்தில் இருக்கிறது, திசையன்விளை மட்டும் திருநெல்வேலியில். பேச்சு, சாப்பாடு, சம்பந்தம் எல்லாம் ஒன்றுதான். உடன்குடிப் பனங்கருப்பட்டி புவிசார் குறியீடு பெற்ற பொருள். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் குலசேகரன்பட்டினத்தில் சர்க்கரை ஆலை வைத்து, அதற்காகவே திசையன்விளைக்கும் திருச்செந்தூருக்கும் நடுவே ஒரு சிறு ரயிலே ஓட்டியிருக்கிறார்கள். பனையின் செல்வாக்கு அப்படி.

எப்போது வருவது என்பதில் பலர் தவறிவிடுகிறார்கள். பள்ளிக்கூட லீவை நம்பி மே கடைசியில் வருகிறவர்களுக்குக் காலத்தின் வால்தான் கிடைக்கும். மார்கழி, தையில் காய்ந்த ஓலையையும் மட்டையையும் கழித்துப் பனையை ஒதுக்குவார்கள். மாசியில் பாளையை, அதாவது பனையின் பூக்குலையை, இடுக்கிப் பதப்படுத்தத் தொடங்குவார்கள். முதலில் ஆண் பனை, அதாவது அலகுப்பனை. பிறகு பெண் பனை, அதாவது பருவப்பனை. பங்குனியும் சித்திரையும்தான் உச்சம். வைகாசியிலும் கிடைக்கும், ஆனால் உச்சம் தாண்டியிருக்கும். ஆனி, ஆடியில் காற்று ஏறிவிடும். மேற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றில் மரம் ஆடும், ஏறுவது ஆபத்து, பதநீரும் வற்றும். என்னைக் கேட்டால் மார்ச் கடைசி வாரத்திலிருந்து ஏப்ரல் கடைசி வரை உள்ள நாட்களில் ஒரு வாரத்தைத் தேர்ந்தெடுங்கள். பதநீர், நுங்கு, மாங்காய் மூன்றும் சேர்ந்து கிடைக்கிற நாட்கள் அவை. வெயில் கடுமைதான், அதற்குத் தயாராக வாருங்கள். கோடைமழை பெய்த மறுநாள் மட்டும் பதநீரை எதிர்பார்க்காதீர்கள். கலயத்தில் மழைத்தண்ணீர் விழுந்திருக்கும், சப்பென்று இருக்கும், சீக்கிரம் கெட்டும் போகும்.

பதநீர் வராத மாதங்களிலும் பனை சும்மா இருப்பதில்லை. ஆவணியில் பனம்பழம் விழும். அந்தக் கொட்டைகளை மண்ணில் புதைத்தால் தைப்பொங்கலுக்குப் பனங்கிழங்கு. கார்த்திகைக்குக் குருத்தோலையில் மாவடைத்து அவிக்கும் கொழுக்கட்டை. இரண்டாம் முறை வருவதாக இருந்தால் பொங்கலையொட்டி வாருங்கள்.

இனி விளைக்குள் போவோம். பனை நிற்கும் மானாவாரி நிலத்தை இங்கே விளை என்பார்கள். வெளிச்சம் வரும் முன்பே பனையேறி வேலையைத் தொடங்கிவிடுவார். அவரிடம் இருக்கும் சாமான்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். காலில் மாட்டும் தளநார், மரத்தில் சாய்த்து முதல் எட்டு வைக்க முருக்குத்தடி, இடுப்பில் அரிவாள்பெட்டி, அதற்குள் பாளை அரிவாளும் சுண்ணாம்பும், பாளையை நசுக்கிப் பதப்படுத்த மரக்கடிப்பு. பாளை விரியும் முன் அதைக் கட்டி, கடிப்பால் நாள்தோறும் இதமாக இடுக்கி, நுனியைச் சீவி வந்தால் சில நாட்களில் சொட்டத் தொடங்கும். அதன்பிறகு தினமும் காலையும் மாலையும் ஏறி நுனியை மெல்லிசாகச் சீவியே ஆக வேண்டும். ஒரு வேளைகூடச் சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து அடைபடும், சொட்டு நிற்கும். ரொம்பத் தடிமனாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். ஒரே ஆள் முப்பது, நாற்பது மரங்களுக்கு இரண்டு வேளையும் ஏறி இறங்குகிறார் என்றால், அவரிடம் நின்று பேச நேரம் இருக்காது என்பது புரியும்.

அதனால் முதல்நாள் மாலையே போய், "அண்ணாச்சி, நாளைக்கு எத்தன மணிக்கு எறக்குவீய? வந்து பாக்கலாமா?" என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். சம்மதம் இல்லாமல் விளைக்குள் நுழைந்து கேமராவைத் தூக்காதீர்கள். அவர் மேலே இருக்கும்போது மரத்தடியில் நிற்கவே கூடாது. கருக்குமட்டை, கலயம், சில நேரம் அரிவாள்கூட விழும். மேலே இருப்பவரைக் கூப்பிட்டுத் திரும்பிப் பார்க்கச் சொல்வதும் வேண்டாம். பிள்ளைகளைக் கூட்டி வந்தால் கருக்குமட்டையின் ஓரப் பல் தொடையைக் கிழித்துவிடும் என்பதைச் சொல்லி வையுங்கள். செருப்புக்குப் பதில் மூடிய ஷூ நல்லது. விழுந்து கிடக்கும் ஓலைக் குவியலுக்குள் தேள் இருக்கும், பாம்பும் இருக்கும்.

கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவி வைப்பதால்தான் அது பதநீர். சுண்ணாம்பு சாற்றைக் காரத்தன்மையாக்கி, காற்றிலும் கலயத்திலும் இருக்கும் ஈஸ்ட் வேலை செய்வதைத் தடுக்கிறது. சுண்ணாம்பு இல்லாவிட்டால் அதே சாறு சில மணி நேரத்தில் கள். கள் இறக்குவதற்கும் விற்பதற்கும் தமிழ்நாட்டில் 1987 முதல் தடை இருக்கிறது. இந்தத் தடை நியாயமா என்று ஊரில் பெரிய வாதமே நடக்கிறது. ஆனால் வந்து தங்குகிற நீங்கள் பனையேறியிடம் கள் கேட்பது அவரைப் போலீஸ் கேஸில் மாட்டிவிடுகிற காரியம். கேட்காதீர்கள்.

குடிக்கும் முறைக்கு வருகிறேன். பனையோலையை மடித்துச் செய்த பட்டையில் ஊற்றித் தருவார்கள். பட்டையை இரண்டு கையாலும் பிடித்து ஓரத்திலிருந்து குடிக்க வேண்டும். நுங்கை விரலால் நோண்டிப் போட்டோ, மாங்காயைப் பொடிசாக நறுக்கிப் போட்டோ குடிப்பது இங்குள்ள வழக்கம். முதல்நாள் ஒரு டம்ளர் அளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பழக்கமில்லாத வயிறு இரண்டு பட்டை உள்ளே போனதும் இளகிவிடும், பிறகு ஒருநாள் ஊர்சுற்றல் போச்சு. காலை எட்டு, ஒன்பது மணிக்குள் குடித்துவிடுவது உத்தமம். நுரை தானாகப் பொங்கி, பொடிக் குமிழ் ஏறி, மூக்கில் புளிப்பு தட்டினால் அது கைவிட்டுப் போன பதநீர். நாக்கு நுனி எரிந்தால் சுண்ணாம்பு கூடிவிட்டது. பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும் கடைசி விரற்கடையை ஊற்றிவிடுங்கள். பழந்தின்னி வவ்வால் வந்து நக்கும் கலயங்களும் உண்டு. வங்கதேசத்தில் பச்சை ஈச்சஞ்சாற்றின் வழியே நிபா வைரஸ் பரவியிருப்பதால், கலயவாயை மூடிக் கட்டுகிற பனையேறியிடம் குடிப்பது நல்லது. சின்னப் பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்கும் ஒரு கொதி கொதிக்கவைத்து ஆற்றிக் கொடுங்கள். ருசி கொஞ்சம் மாறும், அதனால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஊருக்கு எடுத்துப் போகலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். பிளாஸ்டிக் பாட்டிலில் இறுக மூடி ரயிலில் ஏற்றினால் புளித்து வாயு கட்டி மூடி தெறிக்கும். ஐஸ் பெட்டியில் வைத்து அன்று மாலைக்குள் சேரும் தூரமென்றால் சரி. சென்னைவரை கொண்டுபோக நினைக்காதீர்கள். கொண்டுபோவதற்கென்று இருப்பது கருப்பட்டி.

ஒரு வாரத்தில் ஒரே ஒரு காரியம்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் விடிலியில் ஒரு காலைப் பொழுதைக் கழியுங்கள். விளைக்கு நடுவே ஓலையால் வேய்ந்த குடிசைதான் விடிலி. பனையேறி இறக்கிக் கொடுப்பதைக் காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். இந்த வேலையின் நுணுக்கம் முழுவதும் அவர்கள் கையில்தான். பதநீரைத் துணியில் வடிகட்டி அகலமான வட்டிலில் ஊற்றி, காய்ந்த மட்டை, ஓலை, உடைமர விறகு வைத்து எரிப்பார்கள். முதலில் அழுக்கு நுரை பொங்கும், அதைக் கரண்டியால் எடுத்துவிடுவார்கள். பிறகு பொங்குவது நுரை மட்டும். அது வழிந்தால் சரக்கு போச்சு. அப்போது இடித்த ஆமணக்கு விதையில் ஒரு சிட்டிகை போடுவார்கள். எண்ணெய்ப் பசை பட்டதும் நுரை அப்படியே அடங்கும். ஒரு மணி நேரத்தில் பொன்னிறம், இரண்டு மணியில் தேன்நிறம், பிறகு கருஞ்சிவப்பு. கொதிக்கிற சத்தமும் மாறும். சளசளவென்று இருந்தது மெதுவாக, கனமாக, ஒவ்வொரு குமிழாக உடையத் தொடங்கும். அந்த இடத்தில் தீயைக் குறைக்க வேண்டும். அதே எரிப்பு எரித்தால் அடி கருகி, முழு வட்டிலும் கசக்கும். ஒரு சொட்டை எடுத்துப் பச்சைத்தண்ணீரில் விட்டு விரலால் உருட்டுவார்கள். கரைந்து ஓடினால் இன்னும் நேரம் இருக்கிறது, உருண்டு நின்றால் பதம். இந்தப் பதத்தில் பாகின் சூடு 110 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். இறக்கித் துடுப்பால் கிண்டிக்கொண்டே இருந்து, ஓரத்தில் மணல்போலப் பூக்கத் தொடங்கியதும் நனைத்துவைத்த சிரட்டைகளில், அதாவது தேங்காய்க் கொட்டாங்குச்சிகளில், ஊற்றுவார்கள். கருப்பட்டிக்கு அந்த அரை உருண்டை வடிவம் சிரட்டையால் வந்தது. பதத்துக்கு முன்பே எடுத்த பாகைப் பானையில் ஊற்றி, அசைக்காமல் பல வாரம் வைத்திருந்தால் பனங்கற்கண்டு விளையும். சுக்கு, மிளகு, ஏலம் தட்டிப்போட்டுச் சிறு வில்லைகளாக ஊற்றினால் சில்லுக்கருப்பட்டி.

இதில் என்ன கெடும் என்று தெரிந்தால்தான் சந்தையில் என்ன நடக்கிறது என்பதும் புரியும். பதநீர் லேசாகப் புளித்திருந்தாலே அதிலுள்ள சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் பிரக்டோஸும் ஆகிவிடும். அவை கட்டி கட்ட விடாது. எத்தனை நேரம் காய்ச்சினாலும் பாகு இளகியே நிற்கும். அதற்குப் பயந்து சுண்ணாம்பை அள்ளிப் பூசினால் கருப்பட்டி கறுத்துக் கரிப்பாக வரும். இந்த இரண்டுக்கும் நடுவே சரியான அளவைப் பிடிப்பது கைப்பழக்கம். கைப்பழக்கம் இல்லாதவர்களும் லாபக் கணக்குப் போடுபவர்களும் பிடிக்கிற குறுக்குவழி சீனி. வட்டிலில் சீனியைக் கொட்டினால் எந்தப் பதநீரும் கட்டி கட்டும், எடையும் கூடும்.

நிறத்தைப் பார், நாக்கில் வை, உடைத்துப் பார் என்று ஆளுக்கொரு சோதனை சொல்வார்கள். சீனிக் கலப்பில் உடைத்த முகம் பளபளவென்று படிகமாக மின்னும், கல்லாக இறுகியிருக்கும்; நல்ல சரக்கின் உடைவு மங்கலாக இருக்கும், வாயில் போட்டதும் இனிப்போடு ஒரு மெல்லிய கரிப்பும் புகைவாசமும் வரும். இதெல்லாம் பழகிய நாக்குக்குத்தான் பிடிபடும். பழகாதவருக்கு நம்பகமான சோதனை கணக்குதான். ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் எட்டு லிட்டர் பதநீர் வேண்டும், மரத்தையும் மாதத்தையும் பொறுத்து ஒன்றிரண்டு லிட்டர் கூடும், குறையும். அன்றைய பதநீர் விலையை எட்டால் பெருக்குங்கள். லிட்டர் 50 ரூபாய் என்றால் பதநீருக்கே 400 ரூபாய் ஆகிவிட்டது. விறகு, காய்ச்சுகிற கூலி, சுண்ணாம்பு, சுமந்து வரும் செலவு இன்னும் சேரவில்லை. அப்படியிருக்கக் கடையில் ஒருவர் 250 ரூபாய்க்குச் 'சுத்தமான உடன்குடிக் கருப்பட்டி' தந்தால் அதில் என்ன இருக்கும் என்று நீங்களே முடிவுசெய்துகொள்ளலாம். விடிலியில் நேரே வாங்குங்கள், பேரம் பேசாதீர்கள். மரமேறுகிற கை குறைந்துகொண்டே வருவதற்கு முதல் காரணம் கூலி கட்டாததுதான். அந்த விலையில் நீங்கள் கழிக்கச் சொல்லும் 50 ரூபாய் அவர் ஏறுகிற இன்னொரு மரம்.

வாங்கியதை வைத்திருப்பதற்கும் வழி உண்டு. சித்திரையில் வாங்கிய புதுக்கருப்பட்டியை இரண்டு மூன்று நாள் நிழலில் காற்றாட விட்டு, ஓலைக்கொட்டானில் அடுக்கி, அடுப்புக்கு மேல் பரணில் வைப்பது பழைய முறை. பிளாட்டில் இருப்பவர்கள் தாளில் தனித்தனியே சுற்றிக் காற்றுப்புகாத டப்பாவில் போடுங்கள். பிரிட்ஜில் வைத்து வைத்து எடுத்தால் வெளிக்காற்றின் ஈரம் அதன்மேல் படிந்து கசியத் தொடங்கும். ஐப்பசி மழையில் கொஞ்சம் இளகினால் கெட்டுப்போனதாக அர்த்தமில்லை, பூஞ்சை பூத்தால்தான் தூக்கிப்போட வேண்டும். சமையலில் போடும்போது முதலில் தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். சிரட்டைத் தூளும் மணலும் இருக்கும். கொதிக்கிற பாலில் நேரே போட்டால் திரிந்துவிடும். காபிக்குக் கருப்பட்டித் தண்ணீரைத் தனியே கொதிக்கவைத்து, பாலைக் கடைசியில் இறக்கிவைத்துச் சேர்க்க வேண்டும். பதநீரில் பொங்கல் வைக்கிறவர்கள் அரிசியை முதலில் தண்ணீரில் முக்கால் வேக்காடு வேகவிட்டுப் பிறகு பதநீரை ஊற்றுங்கள். இனிப்பு நீரில் அரிசி தண்ணீரை இழுப்பது மந்தமாகும், மணிக்கணக்கில் கிண்டினாலும் நடுவில் அரிசி கடிபடும். இன்னொன்று, சர்க்கரை நோய்க்குக் கருப்பட்டி நல்லது என்ற பேச்சை நம்பி அளவில்லாமல் சாப்பிடாதீர்கள். இதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான்.

தங்குவதும் போவதும் எளிது. சென்னையிலிருந்து மாலையில் புறப்படும் செந்தூர் எக்ஸ்பிரஸில் ஏறினால் திருச்செந்தூரிலேயே இறங்கலாம். இல்லையென்றால் திருநெல்வேலியில் இறங்கி, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி, நாசரேத் வழியாகப் போகும் பாசஞ்சர் ரயில். தாமிரபரணிப் பாசன வயல்வெளியும் வாழைத்தோட்டமும் கடந்து, குரும்பூருக்குப் பிறகு மண் நிறம் மாறுவதை ஜன்னலிலேயே பார்க்கலாம். விமானமென்றால் வாகைக்குளத்தில் இருக்கும் தூத்துக்குடி விமான நிலையம். லாட்ஜ் நிறைய இருப்பது திருச்செந்தூரில். ஆனால் விசாகம், சூரசம்ஹாரம், குலசேகரன்பட்டினத் தசரா நாட்களில் அறையும் கிடைக்காது, பஸ்ஸில் நிற்க இடமும் கிடைக்காது. உடன்குடியில் சொந்தக்காரர் வீடு இருந்தால் அங்கேயே தங்குங்கள். அதிகாலை விளைக்குப் போக திருச்செந்தூரிலிருந்து வண்டி பிடிப்பது அலைச்சல். பகலில் மணப்பாட்டுக் கடற்பாறைமேல் உள்ள திருச்சிலுவைக் கோயில், மெஞ்ஞானபுரத்து உயர்ந்த கோபுரமுள்ள தேவாலயம், கால்டுவெல் வாழ்ந்த இடையன்குடி எல்லாம் ஒரே நாளில் அடங்கும். முதலூர் வழியே வந்தால் தேங்காய்ப்பால் விட்டுக் கிண்டும் மஸ்கோத் அல்வா வாங்காமல் தாண்டாதீர்கள்.

தேரியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குதிரைமொழித் தேரி என்பது மைல்கணக்கில் மேடும் பள்ளமுமாக விரிந்த சிவப்பு மணல். மணலின் ஒவ்வொரு துகள்மேலும் இரும்பு ஆக்ஸைடு பூசியிருப்பதால்தான் அந்தச் சிவப்பு. ஆடிக்காற்றில் இந்த மணல் இடம் மாறும், நேற்றிருந்த வண்டித்தடம் இன்று இருக்காது. காலை ஒன்பதுக்கு முன்போ மாலை நாலரைக்குப் பின்போ மட்டும் போங்கள். நடுப்பகலில் மணல் பாதத்தைப் பொசுக்கும். தார்ரோட்டை விட்டு இருசக்கர வண்டியை இறக்கினால் பத்தடியில் புதையும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீராவது வேண்டும். எல்லா மேடும் ஒன்றுபோலத் தெரிவதால் திசை தப்புவது சகஜம். ஒரு கோயிலையோ டவரையோ கண்ணில் வைத்துக்கொண்டே நடங்கள். மேலப்புதுக்குடியில் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில் செம்மணலுக்கு நடுவே நல்ல தண்ணீர்ச் சுனை இருக்கிறது. மழைநீரை மணல் உறிஞ்சி அடியில் தேக்கி, பள்ளத்தில் கசியவிடுவதால் வருவது அது. தேரிக்குடியிருப்பில் கற்குவேல் அய்யனார் கோயில். கார்த்திகைக் கடைசியில் கள்ளர்வெட்டுத் திருவிழாவுக்கு வந்தால் அந்த மண்ணைப் பிடி அள்ளி வீட்டுக்குக் கொண்டுபோவதைப் பார்க்கலாம்.

இனி குடியேறுவது. ஒரு வாரத்துக்கு இனித்தது ஒரு வருஷத்துக்கும் இனிக்க வேண்டுமென்றால் முதலில் தண்ணீரைப் பாருங்கள். கடலோரத்தில் நிலத்தடி நீர் உப்பு. ஒரே தெருவில் ஒரு கிணறு இனிக்கும், அடுத்த கிணறு கரிக்கும். மனை பார்க்கும்போது அந்தக் கிணற்றுத் தண்ணீரை ஐப்பசியில் சோதித்துவிட்டுத் திருப்திப்படாதீர்கள். வைகாசியில் எடுத்த தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். கோடையின் அளவுதான் உண்மையான அளவு. உப்புநீர் குழாயையும் ஹீட்டரையும் அரித்துவிடும். மழைநீர்த் தொட்டி கட்டாயம் கட்டுங்கள்.

அடுத்தது வெள்ளம். வறண்ட பூமி, இங்கே என்ன வெள்ளம் என்று நினைக்கிறவர்கள் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளை விசாரிக்க வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. குளங்கள் உடைந்து, தேரியை ஒட்டிய பள்ளங்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. மனையை விற்கிறவரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டுச் சுவரில் அந்த வருஷத் தண்ணீர்க் கறை எதுவரை ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பக்கத்தில் குளம் இருந்தால் அதன் மறுகால், அதாவது நிரம்பி வழியும் தண்ணீர், எந்த வழியாகப் போகிறது என்பதையும் நடந்து பார்த்துவிடுங்கள்.

பத்திர விஷயத்தில் பட்டா, வில்லங்கச் சான்று, அடங்கல் மூன்றையும் சர்வே எண்ணோடு ஒப்பிடுங்கள். தேரியில் வனத்துறை நிலமும் பட்டா நிலமும் பக்கம்பக்கமாகக் கிடப்பதால் எல்லைக்கல் ஊன்றி அளக்காமல் பணம் கொடுக்கக் கூடாது. குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். அதற்காக எடுத்த நிலம் 2000 ஏக்கருக்கும் மேல். உடன்குடியில் அனல்மின் நிலையத் திட்டமும் இருக்கிறது. இரண்டையும் காட்டி மனை விலையை ஏற்றுகிற தரகர்கள் உண்டு. கையகப்படுத்தும் பட்டியலில் உங்கள் மனையின் சர்வே எண் இருக்கிறதா என்று தாலுகா அலுவலகத்தில் பாருங்கள். ஆஸ்பத்திரிக்குப் பெரிய சங்கதியென்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிதான். அறுபதைத் தாண்டியவர்கள் அந்தத் தூரத்தையும் கணக்கில் வைத்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

விளையோடு சேர்த்து நிலம் வாங்கினால் நிற்கிற பனையை வெட்டி வீடு கட்ட நினைக்காதீர்கள். பனையை வெட்ட மாவட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம். வீட்டின் வரைபடத்தை மரங்களுக்கு ஏற்ப வளைத்துக்கொள்ளுங்கள். கூரைக்குக் கைமரமும் வரிச்சலும் வேண்டுமென்றால் பழைய வீடு இடிக்கிற இடத்தில் வைரம் பாய்ந்த பனஞ்சட்டம் கிடைக்கும். புது மரத்தைவிட அது நல்லது. கறுப்பு நார் நெருக்கமாக ஓடியிருக்கிறதா, நடுவில் சோறு, அதாவது மென்மையான உட்பகுதி, அதிகமா என்று வெட்டுமுகத்தைப் பார்த்து வாங்குங்கள். சோறு அதிகமுள்ளது உளுத்துப்போகும்.

புதிதாக வைக்கவும் செய்யலாம். ஆவணி, புரட்டாசியில் கிடைக்கும் கொட்டையை மழைக்கு முன் பத்தடி இடைவெளியில், அரையடி ஆழத்தில் ஊன்றினால் போதும். நாற்று வளர்த்துப் பிடுங்கி நடுவது பெரும்பாலும் பிழைக்காது. முளை முதலில் நேரே கீழ்நோக்கி ஆழமாக இறங்கும், பிடுங்கும்போது அது அறுந்துவிடும். முதல் இரண்டு கோடையில் ஆடு கடிக்காமல் முள் கட்டினால் பிறகு கவனிப்பே வேண்டாம். ஆணா பெண்ணா என்பது பாளை விடும்வரை தெரியாது, அதற்குப் பன்னிரண்டு முதல் இருபது வருஷம் ஆகும்.

உங்கள் விளையில் நிற்கும் பனைகளை ஏறுவதற்குப் பனையேறியை ஏற்பாடு செய்வதென்றால் கார்த்திகைக்குள் பேசிவிடுங்கள். மாசியில் போய்த் தேடினால் எல்லோரும் வேறு விளைக்கு ஒப்புக்கொண்டிருப்பார்கள். குத்தகையைப் பணமாகவும் பேசலாம், கருப்பட்டியாகவும் பேசலாம். முதல் வருஷத்துக்குக் கருப்பட்டியாகவே பேசுங்கள். மழையிலோ காற்றிலோ பதநீர் குறைந்தால் அவர் கைக்காசு போடாமல் தப்புவார், உங்களுக்கும் வீட்டுக்குத் தேவையான சரக்கு கண்முன்னே காய்ச்சியதாகக் கிடைக்கும். விடிலி போட ஓர் இடம், விறகுக்கு விழுந்த மட்டையை எடுத்துக்கொள்ளும் உரிமை, கிணற்றுத் தண்ணீர் மூன்றையும் பேச்சிலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். ஏறுகிறவர் பனைமரத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று கேளுங்கள். பதியாதிருந்தால் காலம் தொடங்கும் முன் கூடவே போய்ப் பதிந்து கொடுங்கள்.